தூங்கத் தெரிந்த பிராசசர்

விண்டோஸ் கணினியில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, 'பெர்பார்மன்ஸ்' பகுதிக்குள் 'சிபியு' என்பதைச் சொடுக்குங்கள். 'ஸ்பீடு' என்ற சொல்லுக்கு அருகே ஓர் எண் ஓயாமல் மாறிக்கொண்டிருக்கும். 1.4, 3.9, 2.2, 4.3 என்று ஏறும், இறங்கும். அதே பக்கத்தில் 'பேஸ் ஸ்பீடு 3.70 கிகாஹெர்ட்ஸ்' என்று அசையாத இன்னோர் எண்ணும் இருக்கும். கூர்ந்து பார்க்கும் மாணவர் ஒருவர் இருந்தால் போதும், வகுப்பில் இந்தக் கேள்வி வந்துவிடும்: "சார், பெட்டியில 3.7னு போட்டிருக்கு. ஆனா இது 1.4லதான் ஓடுது. கடைக்காரர் ஏமாத்திட்டாரா?"

ஏமாற்றவில்லை. கடிகார வேகத்தை ஹெர்ட்ஸ் அலகில் அளக்கிறோம் என்று பதினொன்றாம் வகுப்புக் கணினி அறிவியலில் நடத்துகிறோம். அது பிறப்பிலேயே முத்திரை குத்தப்பட்ட நிலையான எண் என்ற எண்ணம் மாணவர் மனத்தில் தங்கிவிடுகிறது. இன்றைய கணினி தன் வேகத்தை ஒரு நொடிக்குள் பலமுறை மாற்றிக்கொள்கிறது. எதற்காக மாற்றுகிறது, எவ்வளவு மாற்றலாம் என்பதைத் தெரிந்துகொள்வதில் பாட அறிவைத் தாண்டிய பயனும் உண்டு. நம்மில் பலர் உதிரிப்பாகங்கள் வாங்கி அசெம்பிள் செய்த கணினியை வீட்டில் வைத்திருக்கிறோம். வாங்கிய நாள் முதல் இரண்டு யோசனைகள் நம் காதில் விழுந்துகொண்டே இருக்கும். 'பயாஸுக்குள் போய் மின்சேமிப்பு வசதிகளை எல்லாம் அணைத்துவிடுங்கள், வேகம் கூடும்' என்பது ஒன்று. 'ஓவர்கிளாக் செய்யுங்கள், காசு செலவில்லாமல் வேகம் கிடைக்கும்' என்பது மற்றொன்று. முதல் யோசனை இன்றைய கணினிகளுக்குப் பெரும்பாலும் தவறு. பல நேரங்களில் அது வேகத்தைக் குறைத்துவிடும். இரண்டாவது ஒரு காலத்தில் மிகச் சரியாக இருந்தது. இன்று அதில் கிடைப்பது சிறிது, கொடுப்பது பெரிது.

தொடங்கும் முன் சொல் பற்றி ஒரு வார்த்தை. 'செயலி' என்றால் இன்று ஆசிரியர்களுக்குக் கைப்பேசியில் இருக்கும் வருகைப் பதிவுச் செயலிதான் நினைவுக்கு வரும். எனவே கணினியின் மையச் சில்லை இந்தக் கட்டுரையில் பிராசசர் என்றே எழுதுகிறேன்.

ஒரு துடிப்பில் நடப்பது

மதர்போர்டில் ஓர் அடிப்படைக் கடிகாரத் துடிப்பு உண்டு. இப்போதைய கணினிகளில் அது பொதுவாக 100 மெகாஹெர்ட்ஸ், அதாவது நொடிக்குப் பத்துக் கோடித் துடிப்பு. பிராசசர் அதை ஒரு பெருக்கெண்ணால் பெருக்கித் தன் வேகத்தைப் பெறுகிறது. பெருக்கெண் 37 என்றால் 3.7 கிகாஹெர்ட்ஸ், 46 என்றால் 4.6. டாஸ்க் மேனேஜரில் நாம் பார்த்த ஏற்ற இறக்கமெல்லாம் இந்தப் பெருக்கெண் மாறுவதுதான்.

4 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே இருப்பது ஒரு நானோ நொடியில் கால் பங்கு. அந்த நேரத்துக்குள் ஒளிகூட ஏழரை சென்டிமீட்டர்தான் போகும். இவ்வளவு குறுகிய நேரத்துக்குள் டிரான்சிஸ்டர்கள் வரிசையாகத் திறந்து மூடி, விடையை அடுத்த கட்டத்தின் வாசலில் கொண்டுபோய் நிறுத்தியாக வேண்டும். மணி அடிக்கும்போது விடை வந்து சேரவில்லை என்றால், வாசலில் கிடக்கும் பழைய எண்ணையே பிராசசர் விடையாக எடுத்துக்கொள்ளும். கணக்கு தப்பாகிவிடும். ஓவர்கிளாக்கிங்கின் ஆபத்து முழுவதும் இந்த ஒரு இடத்தில்தான் இருக்கிறது. கணினி எரிந்துபோகும் என்று பலர் பயப்படுகிறார்கள். அதைவிட, எரியாமலே தவறாகக் கணக்குப் போடும் கணினிதான் ஆபத்தானது.

விடையைச் சீக்கிரம் கொண்டுவர என்ன வழி? மின்னழுத்தத்தை உயர்த்தலாம். அழுத்தம் கூடினால் டிரான்சிஸ்டர்கள் விரைந்து மாறும். ஆக, வேகம் வேண்டுமென்றால் வோல்ட்டும் கூட வேண்டும். வேகம் குறையலாம் என்றால் வோல்ட்டையும் குறைக்கலாம். எந்த வேகத்துக்கு எத்தனை வோல்ட் என்ற அட்டவணை ஒவ்வொரு பிராசசருக்குள்ளும் தொழிற்சாலையிலேயே பதிக்கப்பட்டிருக்கும்.

மொட்டைமாடித் தொட்டிக் கணக்கு

பிராசசருக்குள் கோடிக்கணக்கான மிகச் சிறிய மின்தேக்கிகள் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். துடிப்புதோறும் அவற்றில் ஒரு பகுதி மின்னூட்டம் பெறுகிறது, பிறகு இழக்கிறது. இதில் செலவாகும் திறன் மூன்று பொருள்களின் பெருக்கல்: மின்தேக்குத்திறன், மின்னழுத்தத்தின் இருமடி, துடிப்பின் வேகம். மூன்றில் நடுவில் உள்ள அந்த 'இருமடி'தான் கதையின் நாயகன்.

அது ஏன் இருமடி? பத்தாம் வகுப்பு மாணவருக்குக்கூட விளங்கும்படி இப்படிச் சொல்லலாம். தரையில் ஒரு நீர்த்தொட்டி. அடியிலிருந்து ஒரு மீட்டர் உயரம் வரை மோட்டார் வைத்து நிரப்புகிறோம். இப்போது அதையே இரண்டு மீட்டர் உயரம் வரை நிரப்பினால் செலவாகும் ஆற்றல் இரு மடங்கா? இல்லை. தண்ணீரின் அளவு இரு மடங்கு; அந்தத் தண்ணீரைச் சராசரியாக ஏற்ற வேண்டிய உயரமும் இரு மடங்கு. எனவே ஆற்றல் நான்கு மடங்கு. தொட்டியின் அகலம் மின்தேக்குத்திறன், நீரின் உயரம் மின்னழுத்தம், நொடிக்கு எத்தனை முறை நிரப்பிக் கொட்டுகிறோம் என்பது துடிப்பு. உவமை முழுதாகவே பொருந்துகிறது.

எண்களைப் போட்டுப் பார்ப்போம். ஒரு பிராசசர் 3.7 கிகாஹெர்ட்ஸில் ஓட 1.10 வோல்ட் போதும், 4.6இல் ஓட 1.35 வோல்ட் வேண்டும் என்று கொள்வோம். வேகம் 24 சதவீதம் கூடுகிறது. திறனோ, 1.35ஐ 1.10ஆல் வகுத்து இருமடியாக்கினால் ஏறக்குறைய 1.5, அதை 1.24ஆல் பெருக்க 1.87. அதாவது 24 சதவீத வேகத்துக்காக 87 சதவீதம் கூடுதல் மின்சாரம், கூடுதல் வெப்பம். மறுபக்கமும் பாருங்கள். அதே பிராசசர் 0.8 கிகாஹெர்ட்ஸுக்கு இறங்கி 0.7 வோல்ட்டில் ஓடினால், வேகம் 22 சதவீதமாகக் குறைகிறது. திறன் 9 சதவீதத்துக்குக் குறைந்துவிடுகிறது. மேலே ஏறும்போது நம்மைக் கடனாளி ஆக்கும் இருமடி, கீழே இறங்கும்போது வாரி வழங்குகிறது. மின்சேமிப்பும் ஓவர்கிளாக்கிங்கும் இரண்டு தனித்தனிக் கலைகள் அல்ல. ஒரே சமன்பாட்டின் இரு முனைகள்.

இந்தச் சமன்பாட்டை முதலில் பயன்படுத்தியவை மடிக்கணினிகள். 2000ஆம் ஆண்டு இன்டெல் தன் மடிக்கணினிப் பென்டியம் 3 பிராசசர்களில் 'ஸ்பீட்ஸ்டெப்' என்ற வசதியைக் கொண்டுவந்தது. 650 மெகாஹெர்ட்ஸ் பிராசசர், மின்இணைப்பைக் கழற்றிப் பேட்டரிக்கு மாறியதும் 500க்கு இறங்கும், மின்னழுத்தம் 1.6 வோல்ட்டிலிருந்து 1.35க்கு இறங்கும். வேகத்தில் கால் பங்குக்கும் குறைவான இழப்பு. திறனோ கிட்டத்தட்ட பாதி. (மாணவர்களிடம் இந்தக் கணக்கைக் கொடுங்கள், விடை 55 சதவீதம் வர வேண்டும்.) மேசைக் கணினிக்கு இது வந்தது 2003இல், ஏஎம்டியின் அத்லான் 64 பிராசசரில், 'கூல் அண்ட் கொயட்' என்ற பெயரில். சூடும் இல்லை, மின்விசிறிச் சத்தமும் இல்லை என்பது பெயரிலேயே இருக்கிறது.

காசில்லாமல் வேகம் கிடைத்த காலம்

ஓவர்கிளாக்கிங்குக்கு அவ்வளவு புகழ் ஏன் வந்தது என்பதற்கு 1998இல் வந்த செலரான் 300ஏ ஒன்றே போதும். இன்டெல்லின் மலிவுவிலைப் பிராசசர் அது. 66 மெகாஹெர்ட்ஸ் துடிப்பை 4.5ஆல் பெருக்கி 300 மெகாஹெர்ட்ஸ் என்று விற்றார்கள். பெருக்கெண்ணை மாற்ற முடியாதபடி பூட்டியிருந்தார்கள். ஆனால் மதர்போர்டின் துடிப்பை 66இலிருந்து 100க்கு மாற்றுவதை யாரும் தடுக்கவில்லை. 100ஐ 4.5ஆல் பெருக்கினால் 450. அந்தப் பிராசசர்களில் பெரும்பாலானவை 450இல் சிக்கலின்றி ஓடின. அன்று இன்டெல்லின் உச்ச வேக மேசைக் கணினிப் பிராசசரான பென்டியம் 2இன் வேகமும் அதே 450தான். விலையோ பல மடங்கு. ஐம்பது சதவீத வேகம் உண்மையிலேயே இலவசமாகக் கிடைத்தது.

அப்படிக் கிடைத்ததற்குக் காரணம், அந்தக் காலப் பிராசசர்கள் தம்மால் முடிந்ததைவிட மிகக் குறைவான வேகத்தில் விற்கப்பட்டன. அதற்குப் பின்னால் இன்னொரு காரணமும் இருந்தது. டிரான்சிஸ்டர் சிறிதாகச் சிறிதாக அதற்குத் தேவையான மின்னழுத்தமும் குறையும். எனவே ஒரே பரப்பில் கூடுதல் டிரான்சிஸ்டர்களை அடைத்து வேகத்தைக் கூட்டினாலும் வெப்பம் கூடாது என்று ஐபிஎம் நிறுவனத்தின் ராபர்ட் டெனார்டும் உடன் பணியாற்றியவர்களும் 1974இல் காட்டியிருந்தார்கள். முப்பது ஆண்டுகள் தொழில்துறை இந்த விதியின் முதுகில் சவாரி செய்தது. பிறகு அது நின்றது. டிரான்சிஸ்டர் மிகச் சிறிதானதும், மூடிய நிலையிலும் மின்னோட்டம் கசியத் தொடங்கியது. மின்னழுத்தத்தை அதற்குமேல் குறைக்க முடியவில்லை. 2000இன் இறுதியில் 1.5 கிகாஹெர்ட்ஸில் தொடங்கிய பென்டியம் 4, 2004இன் இறுதியில் 3.8ஐத் தொட்டது. 4 கிகாஹெர்ட்ஸ் பதிப்பை அறிவித்த இன்டெல் அதை 2004 அக்டோபரில் கைவிட்டது. அடுத்த ஆண்டே இரண்டு கோர் கொண்ட பிராசசர்கள் வந்தன. இன்று நம் கணினிகளில் ஆறு, எட்டு என்று கோர்கள் இருப்பதன் மூலகாரணம் வெப்பம்தான்.

வகுப்பறையைப் பூட்டுவது போல

வேகத்தைக் குறைப்பது ஒரு வகைச் சேமிப்பு. வேலையே இல்லாதபோது தூங்கிவிடுவது இன்னொரு வகை. நாம் தட்டச்சு செய்யும்போது இரண்டு எழுத்துகளுக்கு இடையே உள்ள நேரம் நமக்குக் கண் சிமிட்டும் பொழுது. பிராசசருக்கோ அது நீண்ட விடுமுறை. அந்த இடைவெளியில் அது எவ்வளவு ஆழமாகத் தூங்கலாம் என்பதை 'சி-நிலைகள்' என்று எண்ணிட்டு அழைக்கிறார்கள். சி0 என்றால் விழித்து வேலை செய்யும் நிலை. சி1இல் அந்தக் கோரின் கடிகாரம் மட்டும் நிறுத்தப்படுகிறது. மின்னழுத்தம் இருக்கிறது, கசிவும் இருக்கிறது. மாணவர்களை விளையாட விட்டுவிட்டு விசிறியையும் விளக்கையும் அணைக்காமல் வகுப்பறையை அப்படியே வைத்திருப்பது போல. சி6இல் அந்தக் கோர் தான் செய்துகொண்டிருந்ததை எல்லாம் ஓரிடத்தில் எழுதிவைத்துவிட்டு, தனக்கு வரும் மின்சாரத்தையே துண்டித்துக்கொள்கிறது. மெயின் சுவிட்சை அணைத்து அறையைப் பூட்டியாயிற்று. கசிவும் நின்றுவிடுகிறது. திரும்ப விழிக்க சி1க்கு ஓரிரு மைக்ரோ நொடிகள்; சி6க்குப் பத்துக்கணக்கான மைக்ரோ நொடிகள், சில பிராசசர்களில் நூறுக்கும் மேல். எப்படிப் பார்த்தாலும் மனிதக் கண்ணுக்குத் தெரியாத தாமதம்.

மின்கட்டணத்துக்கு இது எவ்வளவு? சும்மா இருக்கும் நேரத்தில் இந்த வசதிகளால் 20 வாட் மிச்சமாகிறது, கணினி நாளுக்கு 8 மணி நேரம் வீதம் ஆண்டுக்கு 300 நாள் ஓடுகிறது என்றால், 48 யூனிட். ஒரு வீட்டுக்கு இது பெரிய தொகை இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நாற்பது கணினி உள்ள கூடத்தில் அது 1920 யூனிட். அங்கே பெரிய தொகைதான். ஆனால் மின்சேமிப்பு வசதிகளை அணைக்க வேண்டாம் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் மின்கட்டணம் அல்ல.

தூங்கினால்தான் வேகம்

2008இன் இறுதியில் வந்த முதல் கோர் ஐ7 பிராசசர்களில் இன்டெல் 'டர்போ பூஸ்ட்' என்ற ஏற்பாட்டைச் சேர்த்தது. வீட்டுச் செலவுக்கு மாதத் தொகை ஒதுக்குவது போல, பிராசசருக்கு இத்தனை வாட், இத்தனை டிகிரி என்று ஓர் ஒதுக்கீடு. நான்கு கோர்களும் உழைத்தால் அதைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். மூன்று தூங்கினால் நான்காவது கோர் அந்தப் பங்கையும் எடுத்து வேகமாக ஓடலாம்.

2011 ஜனவரியில் வந்த கோர் ஐ5 2500கே பிராசசரை எடுத்துக்கொள்வோம். அசெம்பிள் செய்பவர்களிடையே பெரும்புகழ் பெற்றது. அடிப்படை வேகம் 3.3 கிகாஹெர்ட்ஸ். நான்கு கோர்களும் விழித்திருந்தால் டர்போ 3.4 வரை போகும். மூன்று என்றால் 3.5, இரண்டு என்றால் 3.6, ஒன்று மட்டும் விழித்திருந்தால் 3.7. ஒரு கோர் 'தூங்குகிறது' என்று கணக்கில் கொள்ளப்பட அது சி3 அல்லது சி6இல் இருக்க வேண்டும். சி1இல் சும்மா உட்கார்ந்திருந்தால் போதாது; அது விழித்திருப்பதாகவே கணக்கு.

இப்போது ஒருவர் 'வேகம் கூடும்' என்ற யோசனையைக் கேட்டுப் பயாஸில் சி3, சி6 நிலைகளை அணைத்துவிடுகிறார். என்ன நடக்கும்? எந்தக் கோரும் ஆழ்ந்து தூங்க முடியாது. நான்கும் எப்போதும் விழித்திருப்பதாகவே கணக்கு. எனவே 3.7 என்பது அந்தக் கணினிக்கு இனி எட்டாது, உச்சமே 3.4தான். வேகத்துக்காகச் செய்த மாற்றம் 300 மெகாஹெர்ட்ஸைப் பறித்துக்கொண்டது! இணையம் பார்ப்பது, ஆவணம் தயாரிப்பது, எக்செல் கணக்கு என்று நாம் அன்றாடம் செய்பவை பெரும்பாலும் ஓரிரு கோர்களில் நடப்பவை. இழப்பு சரியாக நமக்குத்தான்.

பின்னால் வந்த பிராசசர்களில் இந்த ஏற்பாடு இன்னும் நுணுக்கமானது. 2015இன் ஸ்கைலேக் முதல் இன்டெல் பிராசசர், வேகத்தை மாற்ற விண்டோஸின் கட்டளைக்குக் காத்திராமல் தானே முடிவெடுக்கும். 2017 முதல் வரும் ஏஎம்டி ரைசன் பிராசசர்கள் வெப்பம், மின்னோட்டம், மின்னழுத்தம் எல்லாவற்றையும் உள்ளுக்குள்ளேயே அளந்து 25 மெகாஹெர்ட்ஸ் படிகளில் ஏறி இறங்குகின்றன. முன்பு ஓர் ஓவர்கிளாக்கர் இரவு முழுக்க விழித்திருந்து கண்டுபிடித்த எல்லையை இவை தாமே தேடிக்கொள்கின்றன.

இதனால் விளைந்த வேடிக்கை ஒன்று உண்டு. 2020இல் வந்த ரைசன் 5 5600எக்ஸ் அடிப்படை 3.7, உச்சம் 4.6. ஒருவர் பயாஸில் எல்லாக் கோர்களுக்கும் 4.4 என்று கையால் நிர்ணயித்தால் தானியங்கி ஏற்றம் நின்றுவிடும். ஆறு கோர்களும் சேர்ந்து உழைக்கும் வேலையில் சிறிது ஆதாயம் கிடைக்கலாம். ஆனால் ஒற்றைக் கோர் வேலையில் 4.6 வரை போன கணினி இப்போது 4.4இல் நின்றுவிடும். 'ஓவர்கிளாக்' செய்து வேகத்தைக் குறைத்துக்கொண்டவர்கள் பலர்.

அப்படியென்றால் ஏன் அணைக்கச் சொன்னார்கள்?

அந்த யோசனையைச் சொன்னவர்கள் விவரமில்லாதவர்கள் அல்ல. அவர்கள் காலத்தில் அதற்கு நியாயம் இருந்தது. 2500கேயை நான்கு கோர்களிலும் 4.5 கிகாஹெர்ட்ஸுக்கு ஏற்றியவருக்கு 3.7 டர்போ எதற்கு? அவருடைய கவலை வேறு. பிராசசர் திடீரெனத் தூக்கத்திலிருந்து முழு வேகத்துக்குத் தாவும்போது மின்னோட்டம் சட்டென எகிறும். மின்னழுத்தம் ஒரு கணம் சரிந்து பிறகு நிமிரும். வழக்கமான வேகத்தில் அதைத் தாங்க இடைவெளி விடப்பட்டிருக்கிறது. ஓவர்கிளாக் செய்தவர் அந்த இடைவெளியை ஏற்கெனவே தின்றுவிட்டார். எனவே தாவல்களே இல்லாமல் செய்துவிட்டால் கணினி நிலையாக நிற்கும் என்று மின்சேமிப்பை அணைத்தார்கள். ஓவர்கிளாக் செய்யும் முயற்சியில் தற்காலிகமாகச் செய்ய வேண்டிய படி அது. முதல் பாதியை மறந்துவிட்டு இரண்டாம் பாதியை மட்டும் ஊர் முழுக்கப் பரப்பிவிட்டார்கள்.

அணைப்பதற்கு நியாயமான ஒரு சூழல் இன்றும் உண்டு. பளு கொடுத்தால் நன்றாக ஓடும் கணினி, சும்மா விட்டுவைத்தால் மட்டும் உறைந்துபோவதைச் சிலர் பார்த்திருப்பீர்கள். பழைய எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைப் புதிய பிராசசரோடு இணைத்த கணினிகளில் இது நேரும். ஆழ்ந்த தூக்கத்தில் பிராசசர் இழுக்கும் மின்னோட்டம் அவ்வளவு குறைந்துவிடும். அந்தக் குறைந்த பளுவில் 12 வோல்ட்டைச் சீராக வைத்திருக்கப் பழைய பெட்டிக்குத் தெரியாது. 2013இல் இன்டெல்லின் ஹாஸ்வெல் வந்தபோது இதற்காகவே எஸ்.எம்.பி.எஸ். தயாரிப்பாளர்கள் 'ஹாஸ்வெலுக்கு ஏற்றது' என்று தனியே அறிவிக்க வேண்டியிருந்தது. ரைசன் மதர்போர்டுகள் பலவற்றில் 'பவர் சப்ளை ஐடில் கன்ட்ரோல்' என்றொரு தேர்வு இருக்கும். அதை 'டிபிகல் கரன்ட் ஐடில்' என்று வைத்தால் இந்தச் சிக்கல் தீர வாய்ப்புண்டு. எல்லா மின்சேமிப்பையும் அணைக்க வேண்டியதில்லை. பெட்டியை மாற்றுவதுதான் முழுத் தீர்வு.

வோல்ட் தரும் முதுமை

2024இல் நடந்த ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை மேசைக் கணினிப் பிராசசர்களில், குறிப்பாகக் கோர் ஐ9 வகையில், விளையாட்டுகளும் கனமான மென்பொருள்களும் காரணமில்லாமல் நின்றுபோவதாகப் புகார்கள் குவிந்தன. முதலில் பழி மதர்போர்டுகள் மீது விழுந்தது. பல போர்டுகள் இன்டெல் சொன்ன வாட் வரம்பைத் தளர்த்திய நிலையிலேயே விற்கப்பட்டன. அதாவது வாங்கியவர் ஓவர்கிளாக் செய்யாமலே அவர் கணினி எல்லை மீறி ஓடியது. அது ஒரு பங்குதான். பிராசசருக்குள் இருந்த கட்டளைத் தொகுப்பே தேவைக்கு மீறிய மின்னழுத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தது என்று இன்டெல் பிறகு கண்டறிந்தது. முழுப் பளுவில் மட்டுமல்ல, சும்மா இருக்கும்போதும் இலேசான வேலையின்போதும்கூட. ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் திருத்தங்கள் வந்தன. உத்தரவாதக் காலத்தை இரண்டு ஆண்டுகள் நீட்டினார்கள். ஆனால் ஏற்கெனவே கெட்ட பிராசசரை எந்தத் திருத்தமும் சரிசெய்யாது.

கூடுதல் மின்னழுத்தமும் கூடுதல் வெப்பமும் சேர்ந்தால் டிரான்சிஸ்டர்கள் முதுமை அடைகின்றன, முன்பு 1.30 வோல்ட்டில் ஓடிய வேகத்துக்கு இப்போது 1.35 தேவைப்படும். அட்டவணையில் இருப்பதோ பழைய 1.30. எனவே கணக்கு தப்பும். பெருக்கெண்ணைச் சிறிது கூட்டினால் ஒத்துவரவில்லை என்று கணினி உடனே நின்று காட்டிவிடும்; பழைய எண்ணுக்குத் திரும்பலாம். வோல்ட்டைக் கூட்டினால் உடனே ஒன்றும் தெரியாது. ஓராண்டு கழித்துத் தெரியும்.

நம் வீட்டுக் கணினிக்கு

ஆசிரியரின் வீட்டுக் கணினியில் என்ன இருக்கிறது? வினாத்தாள்கள், மதிப்பெண் பட்டியல்கள், பல ஆண்டுகள் சேர்த்த பாடக்குறிப்புகள், குடும்பப் படங்கள். இந்தக் கோப்புகளைச் சேமிக்கும் நேரத்தில் ஓர் எண் தப்பானால் கணினி எச்சரிக்கை தராது. ஐந்து சதவீத வேகத்துக்கு இதைப் பணயம் வைக்கலாமா என்று கேட்டால் என் விடை வேண்டாம் என்பதே. ஓவர்கிளாக்கிங்கை ஒரு பொழுதுபோக்காக, அதற்கென ஒதுக்கிய கணினியில் செய்பவர்மேல் எனக்குக் குறையில்லை. இயற்பியலை அதைவிடச் சுவையாகக் கற்க வழி குறைவு. பள்ளிக் கணினி ஆய்வகத்தில் மட்டும் கூடவே கூடாது.

செலவுக் கணக்கும் பாருங்கள். இன்டெல்லில் பெருக்கெண்ணைக் கூட்டப் பெயரின் இறுதியில் 'கே' எழுத்துள்ள பிராசசரும் 'இசட்' வகை மதர்போர்டும் வேண்டும். இரண்டும் விலை கூடியவை. நல்ல கூலரும் தேவை. அந்தக் கூடுதல் தொகையில் நினைவகத்தை இரட்டிப்பாக்கினாலோ, பழைய வன்தட்டுக்குப் பதில் எஸ்எஸ்டி போட்டாலோ கிடைக்கும் வேகம் கண்ணுக்கே தெரியும்.

கூலரை நினைத்தால் நம் வெயிலையும் நினைக்க வேண்டும். பிராசசரை அறையின் வெப்பத்துக்குக் கீழே எந்த விசிறியும் குளிர்விக்காது. ஒரு கூலர் முழுப் பளுவில் அறை வெப்பத்தைவிட 50 டிகிரி மேலே வைத்திருக்கிறது என்றால், 25 டிகிரி அறையில் 75. மே மாதம் 38 டிகிரி அறையில் 88. குளிர்நாட்டிலிருந்து வரும் ஓவர்கிளாக்கிங் காணொளிகளின் எண்களை அப்படியே நம் வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. 5600எக்ஸ் போன்றவற்றின் வெப்ப வரம்பு 95 டிகிரி. அதை எட்டினால் பிராசசர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கூலரின் தூசியைத் துடைப்பதும், பல ஆண்டுகளாகக் காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை மாற்றுவதும் பல கணினிகளில் ஓவர்கிளாக்கிங்கைவிட நல்ல பலன் தரும்.

பயாஸில் ஏதாவது மாற்றியே தீர வேண்டும் என்று கை பரபரக்கிறவர்களுக்கு எதிர்த்திசையில் ஒரு வழி சொல்கிறேன். ரைசன் பிராசசர்கள் பலவற்றில் 'ஈகோ மோட்' உண்டு. 2022இல் வந்த ரைசன் 9 7950எக்ஸ் 170 வாட் வகையைச் சேர்ந்தது. அதை 65 வாட் வகை போல ஓட வைக்கலாம். தொட்டிக் கணக்கை நினைவில் வையுங்கள்: உச்சியில் உள்ள கடைசி சில நூறு மெகாஹெர்ட்ஸ்கள்தான் மின்சாரத்தை விழுங்குகின்றன. அவற்றை விட்டுக்கொடுத்தால் திறன் வெகுவாகக் குறையும். வேகம் அந்த அளவுக்குக் குறையாது. விசிறிச் சத்தம் அடங்கும், யுபிஎஸ் கூடுதல் நேரம் தாங்கும். சி-நிலைகளைப் பொறுத்தவரை, 'ஆட்டோ' என்று இருந்தால் அப்படியே விடுங்கள். 13, 14ஆம் தலைமுறை இன்டெல் பிராசசர் வைத்திருப்பவர்கள் மதர்போர்டின் பயாஸைப் புதுப்பித்துவிட்டார்களா என்று இன்றே பாருங்கள்.

வகுப்பில் செய்துகாட்ட

பயாஸைத் தொடாமலே இதை மாணவர்களுக்குக் காட்டலாம். விண்டோஸின் கன்ட்ரோல் பேனலில் 'பவர் ஆப்ஷன்ஸ்', அதற்குள் மேம்பட்ட அமைப்புகள், அதற்குள் 'பிராசசர் பவர் மேனேஜ்மென்ட்', அதில் 'மேக்சிமம் பிராசசர் ஸ்டேட்'. வழக்கமாக 100 சதவீதம் என்று இருக்கும். (சில புதிய மடிக்கணினிகளில் இந்தத் தேர்வு மறைக்கப்பட்டிருக்கும், வேறொன்றில் முயலுங்கள்.) அதை 99 ஆக்கினால் வேகம் ஒரு சதவீதம்தான் குறையும் என்று மாணவர்கள் எதிர்பார்ப்பார்கள். பெரும்பாலான கணினிகளில் டர்போ முழுவதும் நின்று, வேகம் அடிப்படை எண்ணுக்கு இறங்கிவிடும். டாஸ்க் மேனேஜரைத் திறந்துவைத்துக்கொண்டு செய்தால் எண் சரிவது தெரியும்.

பிறகு ஒரு பெரிய காணொளியை வேறு வடிவத்துக்கு மாற்றும் வேலையைக் கொடுத்து, 100இல் எவ்வளவு நேரம், 99இல் எவ்வளவு, 50இல் எவ்வளவு என்று நிறுத்துகடிகாரத்தில் அளக்கச் சொல்லுங்கள். பிளக்கில் செருகும் வாட் மீட்டர் கிடைத்தால் ஒவ்வொரு முறையும் வாட்டையும் குறிக்கச் சொல்லுங்கள். வாட்டையும் நேரத்தையும் பெருக்கினால் ஆற்றல். மின்னோட்டவியல் பாடத்தில் செய்யும் அதே கணக்கு. வேகத்தைப் பாதியாக்கியதால் யூனிட்டும் பாதியானதா என்று கேளுங்கள். திரையும் நினைவகமும் விசிறியும் வேலை முடியும்வரை மின்சாரம் இழுத்துக்கொண்டே இருந்தன என்பதை அவர்களே கண்டுபிடிக்கட்டும். 99இல் கிடைத்த எண்ணையும் 50இல் கிடைத்த எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால், மிகக் குறைந்த வேகம்தான் மிகக் குறைந்த செலவா என்ற விவாதம் தானே தொடங்கும்.

முடித்ததும் மறக்காமல் 100க்குத் திருப்பி வையுங்கள். இல்லையென்றால் மறுநாள் அந்தக் கணினியில் உட்காரும் சக ஆசிரியர், கணினி மெதுவாகிவிட்டது என்று ஆள் தேடிக்கொண்டிருப்பார்.